யாரும் கேட்காத தட்டுகள்

செம்பூரில் ஒரு காது பரிசோதனை நிலையம். உள்ளே அலமாரி அளவுக்கு ஒரு சின்ன அறை, அதற்குக் கனமான கதவு, கதவில் ஒரு கண்ணாடி. கண்ணாடிக்குப் பின்னால் என் வீட்டுக்காரர் செல்லத்துரை உட்கார்ந்திருந்தார். காதில் பெரிய ஹெட்ஃபோன், கையில் ஒரு பொத்தான். பள்ளிக்கூடத்தில் முதல் நாள் கொண்டுவிட்ட பிள்ளை மாதிரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே மேசையில் ஒரு மராத்திப் பெண் ஒரு கருவியைத் திருகிக்கொண்டிருந்தாள். அதில் இரண்டு விளக்குகள். அவள் உள்ளே சத்தம் அனுப்பினால் பச்சை எரியும். அது காதில் விழுந்து அவர் பொத்தானை அழுத்தினால் சிவப்பு எரியும்.

முதலில் பச்சை, சிவப்பு, பச்சை, சிவப்பு என்று ஒழுங்காகத்தான் போனது. மனுஷனுக்கு ஒன்றுமில்லை, நம்மிடம்தான் இத்தனை நாளாக நடித்திருக்கிறார் என்று நினைத்தேன். அப்புறம் அந்தப் பெண் சத்தத்தை ஒவ்வொரு படியாக மேல் ஸ்தாயிக்கு ஏற்றினாள். பச்சை எரிந்தது. சிவப்பு எரியவில்லை. இன்னும் கூட்டி வைத்தாள். பச்சை மட்டும்தான். அவரோ என்னைப் பார்த்துச் சிரித்தார். இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்துவிட்டார்.

"அமுக்குங்களேன்!" என்று கத்திவிட்டேன்.

"ஆன்ட்டி, ப்ளீஸ்," என்றாள் அந்தப் பெண்.

போன வாரம் இந்தப் பத்தியில் எங்கள் பள்ளிக்கூடத்துச் சத்துணவுச் சண்டையை எழுதியிருந்தேன் அல்லவா, அதைப் படித்துவிட்டு வடாலாவிலிருந்து ஒரு வாசகி, "டீச்சர், எப்பவும் பள்ளிக்கூடத்துச் சண்டைதானா? வீட்டைப் பத்தி எழுதக் கூடாதா?" என்று கேட்டிருக்கிறார். அம்மா தாயே, வீட்டிலும் சண்டைதான். பல வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்த மனுஷன் ஒரு வார்த்தை சொன்னார். அன்றோடு நான் வீட்டில் பாடுவதை விட்டேன். அந்த வார்த்தை மெய்யா பொய்யா என்பது அந்த இரண்டு விளக்குகளில் தெரிந்துவிடும் என்று எனக்குப் பட்டது. அதனால்தான் கத்தினேன்.

கை பேசும் பட்டறை

அவருக்குத் தாராவியில் பக்கிள் பட்டறை. பெல்ட்டுக்கும் கைப்பைக்கும் வைக்கிற உலோகக் கொக்கிகள். தகட்டை உள்ளே தள்ளினால் பவர் பிரஸ் 'டை' என்கிற வெட்டு அச்சால் மேலிருந்து ஒரே அடி அடிக்கும், பக்கிள் வெட்டுப்பட்டு விழும். பதினாறு வயதில் ஊரிலிருந்து வந்து ஒரு சேட்டிடம் அந்த மெஷின் முன்னால் நின்றவர், அப்புறம் சொந்தமாக இரண்டு மெஷின் போட்டார். நாள் முழுக்க அந்த அடிதான். சந்தில் நடந்து போகும்போதே கால் வழியாக ஏறும்.

கல்யாணமான புதிதில் மதியச் சாப்பாடு கொண்டுபோவேன். பட்டறையில் ஒருவர்கூட வாய்விட்டுப் பேச மாட்டார்கள். கட்டைவிரலை வாய்க்குக் காட்டினால் டீ. தோளை இரண்டு விரலால் தட்டினால் சரக்கு வாங்குகிற பார்ட்டி வந்திருக்கிறது. மற்றதெல்லாம் உதட்டை அசைத்தே பேசிக்கொள்வார்கள். என்னிடமும் அப்படியே பேசுவார்கள். நான் ஒன்றும் விளங்காமல் நிற்க, "டீச்சருக்கு காது கொஞ்சம் மட்டம் போல" என்று ஒருத்தர் உதட்டாலேயே சொல்ல, அது மட்டும் எனக்கு நன்றாக விளங்கிவிட்டது!

அங்கே யாருக்குக் காது கேட்கிறது, யாருக்குக் கேட்கவில்லை என்று யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் வரவில்லை. இதை இப்போது எழுதுகிறேன். அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

தட்டுக்குப் பதில்

எங்களுக்குக் கல்யாணமான முதல் வருடம். மாட்டுங்காவில் ஒரு பார்ஸிக் குடும்பம் வீட்டைக் காலி செய்தது. அவர்களிடமிருந்து ஒரு பழைய ரெக்கார்டு பிளேயரை இவர் தூக்கிக்கொண்டு வந்தார். கூடவே ஒரு பெட்டி நிறைய இசைத்தட்டு. எனக்கு ஒரே சந்தோஷம். திறந்து பார்த்தால், நமக்குத் தெரிந்த பாட்டு ஒன்றுகூட இல்லை.

ஒரு அம்மா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து வாசித்த பியானோ. நடுவில் நாய் குரைப்பதுகூட அதில் இருந்தது. வடகிழக்கு மலைப்பக்கத்துத் தேவாலயப் பெண்கள் சேர்ந்து பாடியது. யாரோ ஒரு புல்லாங்குழல்காரர். அவர் வாழ்நாளில் அந்த ஒரு தட்டுதான் கொடுத்திருப்பார் போல, அதற்கப்புறம் அவர் பெயரை நான் எங்கேயுமே பார்த்ததில்லை.

"சினிமாப் பாட்டு ஒண்ணுகூட இல்லையே, இதக் கொண்டுபோயி என்ன செய்யுதது?" என்றேன்.

"யாருன்னே தெரியாத ஆளு நம்ம வீட்டுல வந்து வாசிக்காம்லா, அதாம்ட்டி ருசி," என்றார்.

அப்படித்தான் எங்கள் ஞாயிற்றுக்கிழமை வழக்கம் தொடங்கியது. காலையில் இட்லி முடிந்ததும் ஒரு புதுத் தட்டு போடுவார். ஒரு பக்கம் முடிகிறவரை யாரும் பேசக் கூடாது. குக்கர்கூட அடுப்பில் இருக்கக் கூடாது. முடிந்ததும் ஊசியைத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்துச் சொல்வார்: "இசக்கி, தட்டுக்குப் பதில் பாடு."

யாரோ நமக்காக இவ்வளவு நேரம் பாடினால் பதிலுக்கு ஒன்று பாடுவதுதான் மரியாதை என்பது அவர் கட்சி. நானும் பாடுவேன். பியானோவுக்குப் பதில் பள்ளிக்கூடத்துக் கடவுள் வாழ்த்து. மலைப்பெண்களுக்குப் பதில் எங்கள் தெருக் கல்யாணத்தில் பாடுகிற கேலிப் பாட்டு. எனக்குக் குரல் ரொம்ப மேலே போகும். ஐம்பது பிள்ளைகளை மைக் இல்லாமல் அடக்குகிற குரல். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். முடிந்ததும் காலித் தம்ளரை அவரே எடுத்துப்போய்க் கழுவுவார். அவர் கழுவுகிறார் என்றால் எனக்குப் பரிசு என்று அர்த்தம்.

பெட்டி தீர்ந்ததும் கிங்ஸ் சர்க்கிளுக்குப் போக ஆரம்பித்தார். பழைய புத்தகக் கடை வரிசையில் சாகுல் பாய் பழைய தட்டும் கேசட்டும் பரப்பியிருப்பார். அவரும் நம்ம திருநெல்வேலிப் பக்கம்தான். இவரைக் கண்டாலே, "வாங்க அண்ணாச்சி, யாருமே தொடாத சரக்கு வச்சிருக்கேன்," என்பார்.

நிஜமாகவே யாரும் தொடாத சரக்குதான். கோவாக்காரர்கள் கல்யாண வீட்டில் எக்காளம் ஊதி ஆடுகிற தட்டு. டஃப் என்கிற கைமேளத்தைத் தட்டிக்கொண்டு ஒரு மராத்தி ஷாஹிர், அதாவது மேடைப் பாட்டுக்காரர், ஆலைத் தொழிலாளிகளுக்குப் பாடிய கேசட். மலேசியத் தமிழ்ப் பையன்கள் நான்கு பேர் கிட்டார் வைத்துக்கொண்டு அழுத காதல் பாட்டுகள். எத்தியோப்பியாவில் ஒருத்தர் சாக்ஸபோனில் வாசித்தது நம்ம ஊர் ஒப்பாரி மாதிரியே இருக்கும். ஒரு தட்டில் திமிங்கிலம் பாடுகிறது. சத்தியமாகத்தான் சொல்கிறேன், ஒரு பக்கம் முழுக்கத் திமிங்கிலம். அதற்குப் பதில் பாட மாட்டேன் என்று நான் மறுத்துவிட்டேன். வற்புறுத்தி ஒரு மீனவர் பாட்டு பாட வைத்தார்.

எங்கள் மகள் கௌரி இதற்கு நடுவில்தான் வளர்ந்தாள். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், எனக்கு அது தீராத அவமானம். ஆனால் மாலி எங்கே இருக்கிறது, பல்கேரியா எங்கே இருக்கிறது என்று ஐந்தாம் வகுப்பிலேயே வரைபடத்தில் காட்டுவாள்.

தேய்மானம்

ஒரு மழைக்காலத்தில் அவர் அந்தப் புல்லாங்குழல் தட்டை எடுத்துப் போட்டார். பாதியில் எழுந்துபோய் ஊசியைத் துடைத்தார். மறுபடி போட்டார். முகம் சுருங்கிப்போனது.

"தட்டு தேஞ்சு போச்சு," என்றார்.

எனக்கு நன்றாகத்தான் கேட்டது. சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. பட்டறையிலிருந்து இரண்டு பக்கிள் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தார். "இது புது டையில அடிச்சது. இது லச்சம் அடி அடிச்சுத் தேஞ்ச டையில. தடவிப் பாரு. கூர் விளிம்புதான் மொதல்ல மழுங்கும். தட்டுலயும் அப்பிடித்தாம்ட்டி. ஊசி ஒரசி ஒரசி மேல் சத்தம் மொதல்ல போயிரும். அடிச் சத்தம் கெடக்கும்."

எதிர்த்துப் பேச முடியவில்லை. தட்டு தேய்ந்தால் அப்படித்தான் ஆகும் என்று சாகுல் பாயும் சொன்னார். தொழில் தெரிந்த இரண்டு பேர் சொல்கிறார்கள், நான் வாத்திச்சி, வாயை மூடிக்கொண்டேன். ஊசியை மூன்று முறை மாற்றினார். அப்புறம் புல்லாங்குழலையும் மலைப்பெண்களையும் இன்னும் பத்துப் பன்னிரண்டு தட்டையும் கட்டாகக் கட்டிச் சாகுல் பாயிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவருடைய தேடல் பிடிவாதமாகிவிட்டது. பேர்போன ஆளின் தட்டு என்றால் தொட மாட்டார். "எல்லாரும் போட்டுப் போட்டுத் தேச்சிருப்பான். யாரும் கேக்காத தட்டுதான் புதுசா இருக்கும்," என்பார். யாரும் கேட்காத தட்டைத் தேடி ஞாயிறு தவறாமல் கிங்ஸ் சர்க்கிள். மான்குர்தில் ஒரு பழைய சாமான் கடை இருக்கிறது என்று யாரோ சொன்னதற்காக அரை நாள் அலைந்துவிட்டு வெறுங்கையோடு வந்ததும் உண்டு.

அந்த நாட்களில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ருத்ர வீணைத் தட்டு ஒன்று போட்டார். முடிந்தது. "பதில் பாடு," என்றார். நான் பாடினேன். அவர் கண்ணை மூடவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். முடித்ததும் மெதுவாக, பரிவாகத்தான் சொன்னார்:

"ஒந் தொண்டையும் தேஞ்சு போச்சுட்டி இசக்கி. முன்ன மாதிரி கணீர்னு இல்ல. பாவம், பிள்ளைகளோட கத்திக் கத்தி."

திட்டியிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன். எனக்கா வாய் இல்லை? ஆனால் பாவம் என்று சொன்னவரை என்ன செய்வது? எழுந்து சமையலறைக்குப் போய்ச் சட்னிக்குத் தேங்காய் திருவினேன். காலையில் அரைத்த சட்னி அப்படியே இருந்தது. இருந்தாலும் திருவினேன்.

அடுத்த ஞாயிறு தட்டு முடிந்ததும் அவர் பதில் கேட்கவில்லை. நானும் பாடவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. கௌரி அப்போது பத்தாவதோ என்னவோ. இப்போது வேலைக்குப் போகிறாள். இடையில் எத்தனை ஞாயிறு என்று நான் எண்ணவில்லை. பள்ளிக்கூடத்தில் பாட வேண்டிய இடத்திலும் பிள்ளைகளை விட்டே பாடவைத்துவிட்டு உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

ஒரே முரசு

வர வர வீட்டுக்கு வந்த தட்டுகளைச் சொல்கிறேன், கேளுங்கள். ஜெர்மனியில் ஏதோ கிராமத்து ஆட்கள் ஆளுயரக் குழாயை வைத்துக்கொண்டு 'பூம் பூம்' என்று ஊதினார்கள். பனிமலையில் சாமியார்கள் அடிவயிற்றிலிருந்து ஓதினார்கள். ஜமைக்காவில் பாட்டையெல்லாம் எடுத்துவிட்டு அடிநாதத்தை மட்டும் விட்டுவைக்கிற ஒரு வகை இருக்கிறதாம், அது வந்தது. ஆப்பிரிக்க முரசு, ஜப்பான் முரசு, நம்ம பறை. சுவரில் மாட்டியிருந்த காலண்டர் ஆடும்.

கீழ் வீட்டு குஜராத்தி அம்மா ஒருநாள் மேலே வந்து, "பஹன்ஜி, வீட்டில் ஏதாவது ரிப்பேர் நடக்கிறதா?" என்று கேட்டார்.

எனக்கு வேறொன்று உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு தட்டிலாவது பெண் குரல் இல்லை. உலகத்தில் இத்தனை நாட்டிலிருந்து சங்கீதம் வருகிறது, ஒரு நாட்டிலும் பொம்பளை பாடவில்லையா? என் குரல் பிடிக்காமல் போய், அப்புறம் எந்தப் பெண் குரலும் இந்த மனுஷனுக்கு ஆகாமல் போய்விட்டது என்று நான் முடிவு கட்டிவிட்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, வருடக்கணக்காக அந்தக் கோபத்தைச் சோற்றோடு பிசைந்து சாப்பிட்டேன். சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் வெடுக்கென்று விழுவேன். அவர் ஏன் என்று கேட்டதில்லை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னதில் பாதி அவருக்குப் போய்ச் சேர்ந்திருக்காது என்று இப்போது தெரிகிறது.

குருவி பெல்

கௌரி முதல் சம்பளத்தில் வீட்டுக்குப் புது அழைப்பு மணி வாங்கி மாட்டினாள். அழுத்தினால் குருவி மாதிரி கீச்கீச் என்று கத்தும்.

ஒரு சனிக்கிழமை மார்க்கெட்டிலிருந்து வருகிறேன். ஒரு கையில் மீன், ஒரு கையில் அரிசி, சாவி எடுத்துப்போகவில்லை. பெல் அடிக்கிறேன். உள்ளே முரசு அதிர்கிறது. ஆள் இருக்கிறார். அடிக்கிறேன், அடிக்கிறேன், பதில் இல்லை. குருவி கத்துவது மாடிப்படி வரைக்கும் கேட்கிறது. எனக்கு வந்த கோபத்தில் மீன் பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் கதவை இடித்தேன். இடித்ததும் உடனே வந்து திறந்தார்.

"கால் மணி நேரமா நிக்கேன்! காது என்ன செவிடா ஒங்களுக்கு?"

"இப்பத்தானட்டி தட்டுன. ஒடனே தொறந்தேம்லா?"

"பெல்லு?"

"எந்த பெல்லு?"

அவர் நடிக்கவில்லை. எனக்குப் பின்னாலேயே படியேறி வந்த கௌரி பெல்லை ஒருமுறை அழுத்தினாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார், அடுத்தது என்ன என்பது போல. அவள் ஃபோனை எடுத்து எதையோ தேடி ஒரு சத்தம் வைத்தாள். ஊசி குத்துகிற மாதிரி கூர்மையான சத்தம். நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

"அப்பா, இது சுனாயி தேதா? கேக்குதா?"

"எதும்மா?"

கௌரி ஃபோனை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அம்மா, அப்பாக்கு எப்போலேர்ந்து இப்டி?"

ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு, ஒரே வீட்டில் இத்தனை தட்டு கேட்டுக்கொண்டு, எப்போதிலிருந்து என்று எனக்குத் தெரியவில்லை.

கேட்காமல் விட்ட கேள்வி

செம்பூர் நிலையத்தில் அந்தக் கண்ணாடி அறையிலிருந்து அவர் வெளியே வந்தார். அந்தப் பெண் ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினாள். தாளின் இடது பக்கம் கனமான சத்தம், போகப் போக வலது பக்கம் மெல்லிய உயர்ந்த சத்தம். கோடு கொஞ்ச தூரம் நேராகப் போய்ச் சட்டென்று பள்ளத்தில் இறங்கியது.

"அங்கிள், மெஷின் வேலையா? எத்தனை வருஷம்?" என்று ஹிந்தியில் கேட்டாள்.

"நாப்பது."

"முதலில் பறவைச் சத்தம் போகும். புல்லாங்குழல், சின்னக் குழந்தைகள் பேச்சு, பெண்கள் குரல். டோலக், டிரம் எல்லாம் கடைசி வரை கேட்கும். அதனால்தான் பலருக்குத் தெரிவதே இல்லை."

அவர் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அப்போ தட்டு?"

"தட்டுக்கு ஒண்ணுமில்ல."

"ஊசி?"

"ஊசிக்கும் ஒண்ணுமில்லங்க."

மூன்றாவதாக ஒன்று கேட்க வாயைத் திறந்தார். கேட்கவில்லை. தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினார். ஆட்டோவில் வீடு வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

நான் ஜெயித்திருந்தேன். என் தொண்டையில் குறை இல்லை என்று மெஷினே சொல்லிவிட்டது. இத்தனை வருடமாக அந்த ஒரு வார்த்தை பொய்யாக வேண்டும் என்றுதானே காத்திருந்தேன்? ஆனால் ஆட்டோவில் அவர் கழுத்துப் பின்பக்கம் நரைத்திருப்பதைப் பார்த்துக்கொண்டு வந்தபோது எனக்கு அந்த ஜெயம் வேண்டவே வேண்டாம் என்றிருந்தது.

மறுநாள் அவர் பட்டறைக்குப் போனதும் தட்டுகளைத் தரையில் பரப்பினேன். ஒவ்வொரு தட்டு, கேசட்டின் உறையிலும், வந்த வரிசைப்படி பென்சிலால் ஒரு எண் போட்டு வைப்பது அவர் பழக்கம். ஒன்றிலிருந்து வரிசையாக அடுக்கினேன். கூடத்திலிருந்து சமையலறை வாசல் வரை போனது. முன்பக்கத்தில் அங்கங்கே இடைவெளி, அவர் திருப்பிக் கொடுத்தவை. பியானோ, வயலின், எக்காளம், சாக்ஸபோன், ஷாஹிர், ருத்ர வீணை, சாமியார்கள், பெரிய குழாய், அடிநாதம், முரசு.

அந்தத் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே கோடு. மேல் சத்தத்திலிருந்து ஒவ்வொன்றாக அவர் காதை விட்டுப் போகப் போக, இன்னும் எது கேட்கும், இன்னும் எது மிச்சம் இருக்கிறது என்று உலகம் பூராவும் தேடியிருக்கிறார். நான் என்னவோ ரசனை மாறிவிட்டது, மனசு மாறிவிட்டது என்று நினைத்திருக்கிறேன். பொம்பளைக் குரலே ஆகாது என்று நினைத்திருக்கிறேன். தரையில் உட்கார்ந்து அழுதேன். பிள்ளைகள் பரீட்சைத் தாளில் ஒரு புள்ளி விட்டால் கண்டுபிடிக்கிறவள், கண் முன்னால் இருந்ததைப் பார்க்கவில்லை.

அப்படியே எழுந்து கிங்ஸ் சர்க்கிளுக்கு நடையைக் கட்டினேன். சாகுல் பாயிடம் அந்தப் புல்லாங்குழல் தட்டு இருக்கிறதா என்று கேட்டேன்.

"அது எப்பவோ போயிருச்சேக்கா. தேயவே இல்லக்கா அந்தத் தட்டு. வாங்குனவன் போட்டுப் பாத்துட்டு அசந்துட்டான்."

"ஒங்களுக்குத் தெரியுமா? பெறகு ஏன் பாய் அவருகிட்ட சொல்லல?"

அவர் கேசட்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னார்: "அண்ணாச்சி வரும்போதெல்லாம் ஸ்பீக்கர் பொட்டி மேல கைய வச்சுக் கேப்பாரு. எனக்கு ஒரு சந்தேகம் இருந்துச்சு. எப்பிடிக்கா வாய்விட்டுச் சொல்லுதது? அடிச் சத்தமா இருக்க தட்டாப் பாத்து எடுத்து வச்சிருவேன். அவ்வளவுதான் என்னால ஆனது."

எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. ஊரெல்லாம் அலைந்து கனமான சத்தமுள்ள தட்டாகப் பொறுக்கிவைத்தவர் மேல் என்ன கோபம்?

பதில்

காதுக்குக் கருவி வந்தது. முதல் வாரம் படாத பாடு. செய்தித்தாளைப் பிரித்தால் திடுக்கிடுவார். "ஒஞ் சேலை என்னட்டி இந்தச் சத்தம் போடுது?" என்பார். குழாயைத் திறந்தால், "மழையா?" என்பார். காக்கையைச் சகிக்கவே முடியவில்லை, இத்தனை காக்கை நம்ம தெருவுக்கு எப்போது வந்தது என்று கேட்டார். தட்டு போட்டால் எல்லாம் தகரம் மாதிரி இருக்கிறது என்று கழற்றி வைத்துவிடுவார். பழகணும் அங்கிள், மெல்ல மெல்லப் பழகும் என்று அந்தப் பெண் ஃபோனில் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. இட்லி முடிந்தது. அவர் தட்டுப் பெட்டி பக்கம் போகவில்லை. நாற்காலியை இழுத்து என் முன்னால் போட்டு உட்கார்ந்தார். கருவி இரண்டும் காதில் இருந்தன.

"இசக்கி, தேஞ்ச டையை அடிக்கக் கூடாது. அடிச்சா ஒடைஞ்சு போவும். ஒந் தொண்டை தேஞ்சிருக்குன்னு நெனச்சுதான் நான் பெறகு கேக்கல. ரெஸ்ட்டு குடுத்தா மிச்சமாவது இருக்கும்னு."

இத்தனை ஞாயிறும் அவர் என் குரலைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாராம். நானோ அதைச் சண்டையாக வைத்திருந்தேன்.

"இத அன்னைக்கே சொல்லித் தொலைச்சா என்ன?" என்றேன். திட்டுகிற மாதிரிதான் வந்தது.

"இப்ப பாடேன்."

"தட்டே போடல, எதுக்குப் பதில் பாட?"

அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டார். "நான் அன்னைக்கு ஒண்ணு சொன்னேம்லா. அதுக்கு."

கௌரி சமையலறை வாசலில் வந்து நின்றாள். என்ன பாடுவது என்றே தெரியவில்லை. அவள் கைக்குழந்தையாக இருந்தபோது ஹார்பர் லைன் ரயிலில் அழாமல் இருக்க நானே கட்டிய தாலாட்டு ஒன்று வாயில் வந்தது. வடாலாவில் தொடங்கி ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் பெயர் சொல்லிப் போகும், ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒரு படி மேலே ஏறும். குர்லா வரை சமாளித்தேன். திலக் நகரில் ஏறும்போது குரல் பிளந்தது. இத்தனை வருடம் பாடாத தொண்டை, எண்ணெய் போடாத கதவு மாதிரி கிறீச்சிட்டது. அவமானமாகப் போய்விட்டது. நிறுத்திவிட்டேன்.

"ஏன் நிப்பாட்டிட்ட?"

"மேல போவ மாட்டேங்கு. கீறுதுங்க. இப்ப நெசமாவே தேஞ்சு போச்சு."

அவர் முன்னால் சாய்ந்து என் முகத்துக்குப் பக்கத்தில் வந்தார். உதட்டைப் பார்க்கவில்லை. கண்ணை மூடியிருந்தார்.

"கீறுனா கீறட்டும். அந்தக் கீறலு எனக்குக் கேக்குல்லா. பாடுட்டி."

நான் வடாலாவிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.